கடைத் தராசு முதல் அடுப்படி வரை: அன்றாட வாழ்க்கையை இபாதத்தாக்குவது எப்படி?

என் வாப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவர் செய்யும் முதல் வேலை, தோளில் கிடக்கும் துண்டால் தராசின் இரண்டு தட்டுகளையும் துடைப்பது. சாமான் வைக்கும் தட்டில் நேற்றைய சீனியோ பருப்புத் தூசியோ ஒட்டியிருந்தால், அந்த எடை வாங்க வருகிறவருக்குக் குறைந்துபோகும். துடைத்த பிறகு குனிந்து, வெறுந்தட்டில் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லிக் கல்லாவைத் திறப்பார். பள்ளிவாசலில் ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) தொழுதுவிட்டு வந்த அதே மனதோடுதான் அவர் தட்டையும் துடைத்தார் என்பது எனக்குப் புரிய இருபது வருடம் ஆனது.

‘இபாதத் (இறைவணக்கம்) செய்ய நேரமே இல்லை’ என்று நம்மில் பலர் வருத்தப்படுகிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வயதான மாமிக்கு மருந்து கொடுக்க வேண்டும். இதெல்லாம் துன்யா (உலக விஷயம்), முஸல்லாவில் (தொழுகை விரிப்பில்) இருக்கும் நேரம் மட்டும்தான் தீன் (மார்க்கம்) என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் ஜின்களையும் மனிதர்களையும் தன்னை வணங்குவதற்காகவே அன்றி வேறெதற்கும் படைக்கவில்லை என்கிறான் அல்லாஹ் (குர்ஆன் 51:56). ஐந்து வேளைத் தொழுகைக்கும் சேர்த்து ஒரு நாளில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். மிச்சமுள்ள இருபத்திரண்டரை மணி நேரம் படைப்பின் நோக்கத்துக்கு வெளியே கிடப்பதற்காகவா தரப்பட்டது? ‘என் தொழுகை, என் குர்பானி, என் வாழ்வு, என் மரணம் எல்லாம் அகிலங்களின் இறைவனான அல்லாஹ்வுக்கே என்று கூறுவீராக’ (6:162) என்ற ஆயத்தில் தொழுகையும் வாழ்வும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இந்த வழிகாட்டி உங்கள் நாளில் புதிதாகப் பத்து அமல்களை (நற்செயல்களை) சேர்க்கச் சொல்லாது. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைகளை என்ன செய்வது என்பதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் அஸ்திவாரம்

ஒரு தவறான புரிதலை முதலிலேயே விலக்கிவிடுகிறேன். ‘செய்யும் தொழிலே தெய்வம்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். நாம் பேசுவது அது அல்ல. ‘என் வேலையே எனக்கு இபாதத், அதனால் லுஹரை (மதியத் தொழுகையை) களா செய்தாலும் (நேரம் தவறவிட்டாலும்) பரவாயில்லை’ என்பதற்கு இஸ்லாத்தில் இடமே இல்லை. பர்ளான கடமைகளை விட எனக்குப் பிரியமான எதைக் கொண்டும் என் அடியான் என்னை நெருங்குவதில்லை என்று அல்லாஹ் சொல்வதாக ஹதீஸ் குத்ஸி (அல்லாஹ்வின் சொல்லாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது) புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. வேலைக்கு நடுவே எழுந்துபோய் லுஹர் தொழுகிறவருக்குத்தான், திரும்பி வந்து செய்யும் வேலையும் இபாதத்தாகும். தொழுகையில் ஓட்டை இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

நிய்யத் (எண்ணம்) வைப்பது எப்படி?

‘செயல்கள் எல்லாம் எண்ணங்களைக் கொண்டே’ என்ற நபிமொழியை அறிவித்தவர் உமர் இப்னுல் கத்தாப் (ரலி). ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே இதுதான். அதன் பிற்பகுதியைக் கவனியுங்கள். மக்காவிலிருந்து மதீனாவுக்கு இருவர் ஹிஜ்ரத் போகிறார்கள். அதே பாலைவனம், அதே வெயில், அதே ஒட்டகப் பயணம். ஒருவர் அல்லாஹ்வுக்காகவும் ரஸூலுக்காகவும் போகிறார். மற்றவர் ஒரு பெண்ணை மணக்கவோ உலக லாபத்துக்கோ போகிறார். எதற்காகப் போனாரோ அதுதான் அவரவருக்குக் கிடைக்கும். பாதத்தில் ஒட்டிய புழுதி இருவருக்கும் ஒன்றுதான்.

ரமலானில் இமாம் சொல்லிக்கொடுக்க, ‘இந்த வருடத்து ரமலான் மாதத்தின் பர்ளான நோன்பை நாளை பிடிக்க நிய்யத் செய்கிறேன்’ என்று எல்லோரும் சேர்ந்து சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதனால் நிய்யத் என்றால் வாயால் சொல்லும் ஒரு வாசகம் என்று பலருக்கும் பதிந்துவிட்டது. நிய்யத்தின் இடம் கல்பு (உள்ளம்). வெங்காயம் அரிவதற்கு முன் யாரும் எதையும் அரபியில் மனப்பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் செய்து பார்த்துப் பலன் கண்ட முறை இது. வேலையைத் தொடங்கும் இடத்தில் ஒரு மூச்சு நின்று, மனதுக்குள் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். ‘இதை யாருக்காகச் செய்கிறேன்?’, ‘எப்படிச் செய்தால் அவன் பொருந்திக்கொள்வான்?’ முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டாவதில்தான் உயிர் இருக்கிறது. ஒரு வேலைக்கு நிய்யத் வைத்த பிறகும் அந்த வேலையைச் செய்யும் விதத்தில் மயிரிழை மாற்றமும் இல்லையென்றால், அது நிய்யத்தே அல்ல, வேலையின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு என்பது என் கருத்து. வாப்பா பிஸ்மி சொன்னதற்கு அடையாளம் அவர் துடைத்த தட்டு.

ஒரே வேலையில் பல நிய்யத்துகளைச் சேர்க்கவும் முடியும். மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்குச் செலவழிப்பது ஸதகா (தர்மம்). உம்மா கேட்ட கீரையை மறக்காமல் வாங்கினால் பெற்றோருக்குப் பணிவிடை. வழியில் பார்ப்பவர்களுக்கு சலாம், தெருவில் கிடக்கும் கல்லையோ முள்ளையோ ஓரமாக எடுத்துப் போடுவது, பேரம் பேசும்போது கீரைக்காரப் பாட்டியின் வயிற்றில் அடிக்காமல் இருப்பது. கையில் இருப்பது ஒரே பைதான். ஆனால் திரும்பி வரும்போது அதில் நிறையச் சேர்ந்திருக்கும்.

இதற்கு எல்லை உண்டு. நல்ல நிய்யத் ஹராமை ஹலாலாக்காது. நீண்ட பயணத்தில் தலை கலைந்து, புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கையேந்தி ‘யா ரப்பே, யா ரப்பே’ என்று கெஞ்சும் ஒரு மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவருடைய உணவும் ஹராம், குடிப்பும் ஹராம், உடையும் ஹராம். அவருடைய துஆ (பிரார்த்தனை) எப்படி ஏற்கப்படும் என்று கேட்டார்கள் (முஸ்லிம் நபிமொழித் தொகுப்பு). வருமானத்தில் வட்டியோ பொய்யோ கலந்திருந்தால், அதைச் சரி செய்வதுதான் இந்த வழிகாட்டியில் உங்களுக்கான முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஃபஜ்ரில் தொடங்குங்கள்

கண் விழித்ததும் கை செல்போனைத் தேடும் முன், ‘அல்ஹம்து லில்லாஹில்லதீ அஹ்யானா பஃத மா அமாத்தனா வ இலைஹின் நுஷூர்’. நம்மை மரணிக்கச் செய்த பின் உயிர்ப்பித்த அல்லாஹ்வுக்கே புகழ், அவனிடமே திரும்பிச் செல்வது. தூங்குகிறவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் போடுகிறான் என்று புகாரியில் வருகிறது. எழுந்து அல்லாஹ்வை நினைத்தால் ஒன்று அவிழும், ஒளு (தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவுதல்) செய்தால் இன்னொன்று, தொழுதால் மூன்றாவது. ஃபஜ்ர் தவறிய நாட்களில் உடம்பு எப்படிக் கனக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒளுவில் ஒரு சோதனை செய்யலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு தண்ணீரில் ஒளு செய்தார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் ஒரு கொள்ளளவு அது, ஒரு லிட்டருக்கும் குறைவு. குளிப்பதற்கு நான்கிலிருந்து ஐந்து முத். நாம் குழாயைத் திறந்துவிட்டு மூன்று முறை முகம் கழுவி முடிப்பதற்குள் அதைப் போல் பல மடங்கு சாக்கடைக்குப் போய்விடுகிறது. நாளைக் காலை ஒரே ஒரு சொம்புத் தண்ணீரைப் பிடித்து ஒளு செய்து பாருங்கள். கை தானாக நிதானமாகும், ஒவ்வொரு உறுப்பும் நினைவில் நிற்கும். எனக்கு ஒளு ஓர் இபாதத்தாக உறைத்ததே அந்தச் சொம்பு ஒளுவுக்குப் பிறகுதான்.

ஐந்து வக்துகளும் (தொழுகை நேரங்களும்) நாளின் ஐந்து ஆணிகள். நிய்யத் நழுவிப் போவது இயல்பு. காலையில் வைத்த எண்ணம் பதினோரு மணிக்கே தேய்ந்துவிடும். லுஹரில் அதை மறுபடி மாட்டுங்கள், அஸரில் (பிற்பகல் தொழுகையில்) இன்னொரு முறை. ஒவ்வொரு தொழுகையின் சலாமுக்குப் பிறகும், அடுத்த வக்து வரை செய்யப்போகும் முக்கியமான ஒரே ஒரு வேலையை நினைத்து, அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு எழுந்திருங்கள். அரை நிமிடம் போதும்.

அடுப்படி

நபியின் மகள் ஃபாத்திமா (ரலி) தன் கையாலேயே திருகையில் மாவு அரைத்தார்கள். கை நோகும் அளவுக்கு அரைத்தார்கள். உதவிக்கு ஆள் கேட்டு வாப்பாவிடம் போனார்கள் என்பதை அவர்களின் கணவர் அலீ (ரலி) சொல்லி புகாரியில் பதிவாகியிருக்கிறது. கேட்டதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு அந்தத் திருகையை மனதில் வையுங்கள். சமையல்கட்டில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு ‘உங்கள் வேலைக்கும் கூலி உண்டு’ என்று ஆறுதல் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். சுவனத்துப் பெண்களின் தலைவி என்று நபி (ஸல்) அவர்களே நற்செய்தி சொன்ன பெண்ணின் கையில் திருகை பிடித்த தழும்பு இருந்தது என்பது வெறும் ஆறுதலை விடப் பெரிது.

அரிசி களையும்போது ஸுப்ஹானல்லாஹ், தேங்காய் துருவும்போது ஸலவாத் (நபி மீதான வாழ்த்து) என்று எங்கள் உம்மா பழகி வைத்திருந்தார்கள். அவர்களின் அம்மிச் சத்தத்தோடு ஸலவாத்தும் சேர்ந்துதான் எங்கள் காதில் விழுந்து வளர்ந்தது. மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லையே, ஒரு வாரம் வெறுமையாகப் போகிறதே என்று வருந்தும் பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும். திக்ருக்கும் (இறைநினைவுக்கும்) துஆவுக்கும் ஸலவாத்துக்கும் அந்த நாட்களில் எந்தத் தடையும் இல்லை.

அடுத்து, அண்டை வீடு. ஆணம் (குழம்பு) காய்ச்சினால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, அண்டை வீட்டாரைக் கவனியுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (முஸ்லிம்). இறைச்சியைக் கூட்டச் சொல்லவில்லை, தண்ணீரைத்தான் கூட்டச் சொன்னார்கள். வசதி இல்லாதவரும் செய்யும்படியான கட்டளை. வாரத்தில் ஒரு நாள் ஒரு கிண்ணம் ஆணம், அண்டை வீட்டுக்கு. அவர்கள் எந்த மதமாக இருந்தாலும் அண்டை வீட்டார் அண்டை வீட்டார்தான். அவர்கள் இறைச்சி சாப்பிடாதவர்கள் என்றால் பருப்பாணம் கொடுங்கள்.

ஆண்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, வீட்டாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் போவார்கள் என்றார்கள் (புகாரி). ஸுன்னத்தை (நபிவழியை) தாடியில் தேடும் நாம், பாத்திரம் கழுவும் இடத்திலும் கொஞ்சம் தேடலாம்.

கடை, அலுவலகம், கூலி வேலை

தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்று ஜுமுஆ சூராவிலேயே (குர்ஆன் அத்தியாயத்திலேயே) வருகிறது (62:10). சம்பாதிக்கப் போவதும் கட்டளைக்குப் பணிவதுதான். தன் கை உழைப்பில் உண்பதை விடச் சிறந்த உணவை யாரும் உண்டதில்லை, தாவூத் நபியும் தன் கை உழைப்பில்தான் உண்டார்கள் என்பது நபிமொழி (புகாரி).

தராசுக்குத் திரும்பி வருகிறேன். அளவில் மோசம் செய்பவர்களுக்குக் கேடுதான் என்று ஒரு சூராவே அவர்கள் பெயரில் தொடங்குகிறது (83:1). நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல் ஈரமானது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா, மோசடி செய்பவர் என்னைச் சார்ந்தவர் அல்ல என்றார்கள் (முஸ்லிம்). தக்காளிக் கூடையில் அழுகலை அடியில் வைப்பவர், பழைய வண்டியின் கோளாறைச் சொல்லாமல் விற்பவர், வீட்டுச் சுவரின் விரிசலுக்குப் பெயின்ட் அடித்து வாடகைக்கு விடுபவர் எல்லோரும் அந்த ஈரத்தைத்தான் மறைக்கிறார்கள். நிறுத்துக் கொடுக்கும் ஒருவரிடம், நிறுங்கள், கொஞ்சம் தாழ்த்தியே நிறுங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். வாப்பா முள் நடுவுக்கு வந்த பிறகு நாலு பருப்பு கூடப் போடுவார். அது தாராளம் என்று சின்ன வயதில் நினைத்தேன். அது ஸுன்னத்.

அலுவலகத்தில் தராசு இல்லை, கடிகாரம் இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆறு மணி நேரம் வேலை செய்தால் அதுவும் அளவில் குறைப்பதுதான். தொழப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டீக்கடையில் அரை மணி நேரம் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உடன் வேலை செய்கிறவர் அந்த அரை மணி நேரத்தைத் தொழுகையின் கணக்கில் எழுதிவிடுவார். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் கூலியை வியர்வை காய்வதற்குள் கொடுங்கள். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று கொத்தனாரை மூன்று முறை நடக்கவிட்டவரின் தஹஜ்ஜுத்தை (பின்னிரவுத் தொழுகையை) நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உடம்புக்கும் பங்கு உண்டு

சாப்பாடு, தூக்கம், தாம்பத்தியம் எல்லாம் மார்க்கத்துக்கு வெளியே என்று நினைக்கிறவர்கள் ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) காலத்திலேயே வியந்து கேட்டிருக்கிறார்கள். மனைவியோடு கூடுவதிலும் ஸதகா உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, எங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்வதற்குமா நன்மை என்றார்கள் தோழர்கள். ஹராமான வழியில் தீர்த்தால் பாவம் இல்லையா, அப்படித்தான் ஹலாலில் தீர்த்தால் கூலி என்று பதில் வந்தது (முஸ்லிம்). மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும் கூலி உண்டு என்று ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள்.

சாப்பிடும்போது பிஸ்மி, வலது கை, தனக்கு முன்னால் இருப்பதிலிருந்து. பிஸ்மி மறந்து பாதியில் நினைவு வந்தால் ‘பிஸ்மில்லாஹி அவ்வலஹு வ ஆகிரஹு’. இது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஸஹனில் (பெரிய கூட்டுத் தட்டில்) ஐந்து பேர் சேர்ந்து உண்ணும்போது இறைச்சித் துண்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடும் விரல்தான் எனக்கு அதில் மிகப் பிடித்த இபாதத்.

நாவும் விரலும்

கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதுமானது என்ற நபிமொழி, வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நேராகச் சொன்னது போலிருக்கிறது. ‘பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்’ என்ற இட்டுக்கட்டிய ஹதீஸை அனுப்பாமல் நிறுத்துவதும் இபாதத்தான். குடும்பக் குழுவில் ஒரு லாத்தாவை (அக்காவை) பற்றிப் புறம் தொடங்கும்போது பேச்சைத் திருப்புவதும் அப்படியே. தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்து, திட்டியவர்களுக்கும் அபகரித்தவர்களுக்கும் நன்மைகளைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவரே உண்மையான முஃப்லிஸ், திவாலானவர் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள்.

எங்கே சறுக்கும்?

இரண்டு இடங்களில். ஒன்று முகஸ்துதி. ஏழைக்குக் கொடுத்த பொட்டலத்தைப் படம் பிடித்துப் போடுவது, செய்த உதவியை ஒவ்வொரு சண்டையிலும் சொல்லிக்காட்டுவது. சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மங்களைப் பாழாக்காதீர்கள் என்பது குர்ஆன் (2:264). மருந்து எளிது. யாருக்கும் தெரியாத ஒரு நல்ல காரியத்தைத் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். அது வீட்டாருக்கும் தெரிய வேண்டாம்.

இன்னொன்று அளவு மீறுவது. இதைப் படித்த உற்சாகத்தில் எல்லாவற்றையும் நாளையே தொடங்கினால், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் நின்றுபோகும். பகல் முழுக்க நோன்பும் இரவு முழுக்கத் தொழுகையுமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களை சல்மான் ஃபார்ஸி (ரலி) தடுத்து, உம் இறைவனுக்கு உம்மிடம் உரிமை உண்டு, உம் உடலுக்கு உண்டு, உம் குடும்பத்துக்கு உண்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையைக் கொடும் என்றார்கள். சல்மான் சொன்னது உண்மை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆகவே ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் தினமும் அதிகம் சலித்துக்கொண்டு செய்யும் வேலையாக இருந்தால் நல்லது. நாற்பது நாள் அந்த ஒன்றில் மட்டும் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது.

படுக்கையில்

இஷாவுக்கு (இரவுத் தொழுகைக்கு) பிறகு ஐந்து நிமிடக் கணக்கு. இன்று யாரிடம் குரலை உயர்த்தினேன், யாருக்குத் தர வேண்டியதைத் தள்ளிப்போட்டேன்? பாவத்துக்கு இஸ்திக்ஃபார் (அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பது). மனிதருக்குச் செய்த அநியாயத்துக்கு இஸ்திக்ஃபார் மட்டும் போதாது. காலையில் எழுந்து போன் போட வேண்டும். பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் படுங்கள்.

தூக்கமும் வீண் அல்ல. முஆத் இப்னு ஜபல் (ரலி) யமனில் அபூ மூஸா (ரலி) அவர்களிடம், நின்று வணங்குவதில் நான் எதிர்பார்க்கும் நன்மையை என் தூக்கத்திலும் எதிர்பார்க்கிறேன் என்றார்கள். ஃபஜ்ருக்கு எழும் தெம்புக்காகத் தூங்குகிறவருக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது. நடுநிசி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தூங்குகிறவர் அதைத் தானே சாத்திக்கொள்கிறார்.

இனி அந்தத் திருகை. ஃபாத்திமா (ரலி) போன நேரத்தில் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். இரவில் நபி (ஸல்) அவர்கள் மகள் வீட்டுக்கு வந்தபோது இருவரும் படுத்துவிட்டிருந்தார்கள். எழப் போனவர்களை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு நடுவில் உட்கார்ந்தார்கள். அவர்களின் பாதத்தின் குளிர்ச்சி என் நெஞ்சில் பட்டது என்கிறார்கள் அலீ (ரலி). நீங்கள் கேட்டதை விடச் சிறந்ததைச் சொல்லட்டுமா, படுக்கைக்குப் போகும்போது 33 முறை ஸுப்ஹானல்லாஹ், 33 முறை அல்ஹம்துலில்லாஹ், 34 முறை அல்லாஹு அக்பர் சொல்லுங்கள், ஒரு பணியாளை விட அது உங்களுக்குச் சிறந்தது என்றார்கள்.

அன்றிலிருந்து அதை விட்டதே இல்லை என்று அலீ (ரலி) பிற்காலத்தில் சொன்னபோது, ஸிஃப்பீன் போர் இரவிலும் கூடவா என்று ஒருவர் கேட்டார். ஸிஃப்பீன் இரவிலும்தான் என்றார்கள்.